பருவநிலை மாற்றத்தையும் புவி அறிவியலையும் இணையவழியில் கற்பது எப்படி

சிங்கப்பூரில் 2019-இல், வெளியேற்றப்படும் பசுமை இல்ல வாயுவின் ஒரு டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி, 2024-இல் 25 வெள்ளியாக உயர்ந்தது. பருவநிலை மாற்றத்தை இணையத்தில் படிக்க நினைக்கும் ஒருவர், அலுவலகத் தேவையை முன்னிட்டு, நேராகக் கரிமக் கணக்கு (ஒரு நிறுவனம் வெளியேற்றும் பசுமை இல்ல வாயுக்களைக் கணக்கிடுவது), பசுமை நிதி போன்ற பாடங்களில் சேர விரும்புவது இயல்பே. அவை பயனுள்ளவைதாம். ஆயினும், வளிமண்டலம் வெப்பத்தை எவ்வாறு தடுத்து வைக்கிறது, கடல் ஏன் உயர்கிறது என்பவற்றை அறியாமல் அவற்றைப் படிப்பவர், பிறர் தரும் எண்களைச் சரிபார்க்க வழியின்றி அப்படியே ஏற்க நேரிடும். எனவே வெப்பச் சமநிலை, கரிமச் சுழற்சி, கடல்மட்டம் ஆகிய மூன்றையும் முதலில் கற்று, கொள்கையையும் வணிகத்தையும் அதன்பின் எடுத்துக்கொள்வதே நல்ல வரிசை என்பது என் உறுதியான கருத்து.

தொடக்கத்துக்கு ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். கோர்செரா தளத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆர்ச்சர் நடத்தும் புவி வெப்பமடைதல் பாடம், அறிவியலைத் தொழிலாகக் கொள்ளாதவர்களையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. உயர்நிலைப்பள்ளிக் கணிதம் நினைவிருந்தால் அதைத் தொடர முடியும். நுண்கணிதம் கைவந்தவர்கள் எம்ஐடியின் திறந்தநிலைப் பாடத்தளத்தில் உள்ள புவி வெப்பமடைதல் அறிவியல் பாடத்தை எடுக்கலாம். அங்கே பதிவும் தேவையில்லை, கட்டணமும் இல்லை, ஆனால் சான்றிதழும் கிடையாது. வகுப்பறையில் அமர்ந்து கேட்பது போன்ற அனுபவத்தை விரும்புவோருக்கு, வளிமண்டலம், பெருங்கடல் பற்றி யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித் ஆற்றிய விரிவுரைகளின் ஒளிப்பதிவுகள் உள்ளன. பாறைகளையும் புவியின் நீண்ட வரலாற்றையும் சேர்த்துப் படிக்க மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பாடம் கோர்செராவில் இருக்கிறது. இந்தியாவின் என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் விரிவுரைகளை இலவசமாகக் கேட்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டுமானால் இந்தியாவிலுள்ள தேர்வு மையத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருக்கும்.

விரிவுரையைக் கேட்பது மட்டும் கற்பதாகாது. கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கும்போதுதான் பாடம் நம்முடையதாகிறது. முதல் வாரத்திலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். சூரியனிலிருந்து புவியை வந்தடையும் ஆற்றல், சூரியனை நேராக எதிர்நோக்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1361 வாட். புவி உருண்டையாகவும் அதில் ஒரு பாதி எப்போதும் இருளிலும் இருப்பதால், முழுப் பரப்புக்கும் பகிர்ந்தால் இதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 340 வாட் கிடைக்கும். அதில் சுமார் 30 விழுக்காட்டை மேகங்களும் பனியும் நிலப்பரப்பும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. எஞ்சும் 238 வாட்டை, ஒரு பொருளின் வெப்பநிலையையும் அது வெளிவிடும் கதிர்வீச்சையும் இணைக்கும் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதியில் இட்டால் புவியின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்று வரும். ஆனால் புவிப்பரப்பின் உண்மையான சராசரி ஏறத்தாழ 15 டிகிரி. இடையிலுள்ள அந்த 33 டிகிரியை நமக்குத் தருபவை நீராவியும் கரியமில வாயுவும் பிற பசுமை இல்ல வாயுக்களுமே. இந்தக் கணக்கை ஒருமுறை தாமே போட்டவருக்கு, பசுமை இல்ல விளைவு என்பது நம்புவதா மறுப்பதா என்ற வாதத்துக்குரிய பொருளாக இனி இராது. வளிமண்டலத்தின் வழியே வெப்பம் செல்வதைக் கணக்கிடும் மோட்ரான் மாதிரியை ஆர்ச்சரின் குழு இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது; அதில் கரியமில வாயுவின் அளவைப் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு 400-இலிருந்து 800-ஆக மாற்றி, விண்வெளிக்குத் தப்பிச் செல்லும் வெப்பம் எவ்வளவு குறைகிறது என்பதையும் பாருங்கள்.

அடுத்துக் கரிமச் சுழற்சி, அதாவது காற்று, கடல், உயிர்கள், பாறைகள் ஆகியவற்றினிடையே கரிமம் இடம்பெயர்வது. ஹவாயியின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315 கரியமில வாயுவாக இருந்தன. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த அளவு ஒன்று கூட, ஏறத்தாழ 780 கோடி டன் கரியமில வாயு காற்றில் சேர வேண்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் ஆண்டுக்குச் சுமார் 3700 கோடி டன் வெளியாகிறது. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு நாலரைக்கு மேல் உயர வேண்டும். உண்மையில் உயர்வது இரண்டரை அளவே. மீதி எங்கே போகிறது என்ற கேள்வியோடு கடலையும் காடுகளையும் பற்றிய பாடத்துக்குள் நுழைபவர், அதை வெறும் தகவலாகக் கடந்துபோக மாட்டார்.

கடல்மட்டத்தைப் பற்றிய பகுதியைச் சிங்கப்பூரில் வாழும் எவரும் அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. இத்தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு நிலையத்தின் பங்களிப்புடன் 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, பசுமை இல்ல வாயுக்களின் வெளியேற்றம் மிகுதியாகத் தொடரும் சூழலில் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கு கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது. பாடத்தில் வரும் உலகச் சராசரியை அப்படியே சிங்கப்பூருக்குப் பொருத்த இயலாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். துருவப் பனிப்படலங்கள் தம் ஈர்ப்பு விசையால் சுற்றியுள்ள கடல்நீரைத் தம் பக்கம் இழுத்து வைத்திருக்கின்றன; அவை உருகினால் அருகிலுள்ள கடல் தாழ்ந்து, தொலைவிலுள்ள நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் சராசரியைவிட மிகுதியாக உயர்கிறது. கிரீன்லாந்தின் பனியும் அண்டார்க்டிக்காவின் பனியும் நம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையோடு நேரடித் தொடர்புடையவை என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பாடம் வேறில்லை.

2100-ஆம் ஆண்டைப் பற்றிய எந்த எண்ணைக் கண்டாலும், அது எந்த வெளியேற்றச் சூழலுக்கு உரியது என்று முதலில் கேளுங்கள். மேற்சொன்ன ஆய்விலேயே நூற்றாண்டின் இறுதிக்கான வெப்பநிலை உயர்வு 0.6 முதல் 5 டிகிரி வரை விரிகிறது. இந்த இடைவெளிக்கு முதன்மையான காரணம், மனிதர்கள் இனி எவ்வளவு எரிபொருளை எரிப்பார்கள் என்பது இன்னும் முடிவாகாததுதான். ஆய்வாளர்களுக்கு அறிவியல் தெரியவில்லை என்று இதைப் பொருள்கொள்வது தவறு.

புவி அறிவியலைத் திரையில் மட்டுமே படிப்பது போதாது. புக்கிட் தீமா மலையடிவாரத்தில் உள்ள ஹிண்ட்ஹீட் பழைய கல்லுடைப்புக் குழிக்குச் சென்றால், 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிலத்தடியில் பாறைக்குழம்பு மெல்ல இறுகி உருவான கருங்கல்லைக் கண்ணால் காணலாம். நம் வெப்பமும் மழையும் அக்கல்லைச் சிதைத்துச் செம்மண்ணாக்குகின்றன. அவ்வாறு பாறை சிதையும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவும் மிக மெதுவாக நீங்குகிறது. புவியின் வெப்பநிலையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒழுங்குபடுத்தி வரும் நிகழ்வு இது. நாம் ஓராண்டில் வெளியேற்றுவதை ஈடுசெய்யும் வேகம் அதற்கு இல்லை. காலாங் பகுதியின் அடியிலுள்ள மென்மையான கடற்களிமண் இன்னொரு சான்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய நிலையைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது, இங்கிருந்து சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் நிலத்தின் வழியே நடந்து செல்ல முடிந்திருக்கும். பனி உருகிக் கடல் திரும்பி வந்தபோது பள்ளத்தாக்குகளில் படிந்ததே அக்களிமண்ணின் மேல் அடுக்கு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிங்கப்பூர்ப் புவிக் கண்காணிப்பகத்தின் இணையப் பக்கங்களில், சுமத்திராவின் பவளங்களைக் கொண்டு பழைய நிலநடுக்கங்களையும் கடல்மட்டத்தையும் கண்டறிந்த விதத்தைப் படிக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவுக்கு அருகே எழுந்து நாகப்பட்டினம் வரை உயிர்களைப் பறித்த ஆழிப்பேரலையை மறக்காத நம்மவருக்கு, அது தொலைதூரத்து ஆராய்ச்சியாகத் தோன்றாது.

அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் சிங்கப்பூரின் வெப்பநிலை, மழைப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பதிவிறக்கி, ஆண்டுச் சராசரியை நீங்களே வரைபடமாக்குங்கள். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983-இல் தெங்காவில் பதிவான உச்சத்தைச் சமன் செய்தது. இந்த இரண்டு நாள்களை மட்டும் பார்ப்பவர் நாற்பது ஆண்டுகளில் ஒன்றும் மாறவில்லை என்று முடிவுகட்டிவிடக்கூடும். முப்பதாண்டுச் சராசரிகளை ஒப்பிடுபவருக்கு உயர்வு தெளிவாகத் தெரியும். வானிலைக்கும் பருவநிலைக்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் பயிற்சி விளக்குவதைப் போல எந்த விரிவுரையும் விளக்காது.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எவ்வளவு பகுதியை இலவசமாகப் பார்க்கலாம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறுவதால், சேரும் முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். திறன் பயிற்சிக்காகச் சிங்கப்பூர் அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்த எண்ணினால், அந்தப் பாடம் தகுதிப் பட்டியலில் உள்ளதா என்று முன்கூட்டியே அதன் தளத்தில் தேடிப் பாருங்கள். சான்றிதழ் மட்டுமே தேவைப்படுவோருக்கு ஐக்கிய நாடுகளின் யுஎன் சிசி:லேர்ன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வேலைக்குச் செல்வோர் வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும்; அதில் ஒரு மணி நேரத்தையாவது கணக்குக்கும் தரவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அன்று படித்ததை வீட்டிலுள்ள ஒருவருக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அந்த இடத்தை மறுபடியும் படிக்க வேண்டும்.

ஒரு பாடத்தை முழுமையாக முடித்தபின், பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021 ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிவியல் அறிக்கையின் சுருக்கத்தைத் திறக்கலாம். அதில் வரும் 'மிகவும் சாத்தியம்' என்ற தொடர் 90 விழுக்காட்டுக்குக் குறையாத வாய்ப்பையும், 'சாத்தியம்' என்பது 66 விழுக்காட்டுக்குக் குறையாத வாய்ப்பையும் குறிக்கும் வரையறுத்த அளவுகள் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். இன்றைய நிலையைக் கூறும் முதல் பிரிவை முடித்துவிட்டு, எதிர்காலத்தைக் கூறும் இரண்டாம் பிரிவுக்குச் செல்லுங்கள். கரிமக் கணக்குக்கும் பசுமை நிதிக்கும் உரிய பாடங்களில் சேர அதன்பின் வரும் மாதம் பொருத்தமானது.