அறிவியல் எழுதிய இயற்பியலாளரின் தாள்களைக் கலைக்காமல் அடுக்குவது எப்படி?

ஆய்வும் செய்து, பொதுமக்களுக்காகவும் எழுதியவரின் தாள்களை எடுத்ததும் ‘ஆய்வு’ தனி, ‘கட்டுரை’ தனி என்று பிரிக்கத்தான் கை போகும். பிரிக்காதீர்கள். கணக்குப் போட்ட தாளின் பின்பக்கமே வானொலி உரையின் முதல் வரைவாக இருக்கலாம். வாசகர் கடிதத்தோடு அதிலிருந்து பிறந்த கட்டுரையின் குறிப்பும் சேர்ந்திருக்கலாம். ஒரு சமன்பாடு எப்படிப் பேச்சுமொழியானது என்பதை அந்தச் சேர்க்கை மட்டுமே காட்டும்.

முதல் வேலை, இழுப்பறையையும் அலமாரியையும் இருந்தபடியே படம் எடுப்பது. பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் எண் கொடுங்கள், 2பி பென்சிலால் மட்டும். பேனா மை ஈரம் பட்டால் பரவும்.

துருப்பிடித்த குண்டூசி, கிளிப், ஸ்டேப்பிளை உருவினால் தாள் கிழியும். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, கால்களை நிமிர்த்தி எடுங்கள். அதுவரை சேர்ந்திருந்த பக்கங்களை அமிலமற்ற தாளை மடித்து அதற்குள் வையுங்கள். இல்லையென்றால் எது எதோடு இருந்தது என்பது அன்றே தொலைந்துவிடும். பழைய ஒட்டுநாடாவை உரிக்க வேண்டாம், எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

பத்திரிகை நறுக்குகளில் உள்ள லிக்னின் (மரக்கூழிலிருந்து வரும் பொருள்) பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். நகலெடுத்து, மூலத்தைத் தனி உறையில் இடுங்கள். இருந்த இடத்தில் நகலை வையுங்கள். ஃபேக்ஸ் வெப்பத்தாள் மங்கிக்கொண்டே போகும், அதை உடனே நகலெடுங்கள். பிசுபிசுக்கும் ஒலிநாடாவை ஓட்டிப் பார்க்கக் கூடாது: காந்தப் பூச்சு உரிந்து, பேச்சு திரும்பக் கிடைக்காது.

அறை 18–20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 35–50 சதவீதம். பெட்டி பாதி காலியாக இருந்தால் தாள்கள் சரிந்து வளையும்.

ஸ்கேன் 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 படப்புள்ளிகள்), டிஃப் (TIFF) என்ற படக் கோப்பு, வண்ணத்தில். வெறும் கறுப்பு-வெள்ளையில் மங்கிய பென்சில் திருத்தங்கள் மறைந்துவிடும். வெறுமையாகத் தெரிந்தாலும் பின்பக்கத்தை விடாதீர்கள்.

பட்டியலில் நீங்கள் ஊகித்த தேதியைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். பொதுமக்களுக்காகவும் எழுதிய இயற்பியலாளர்களில் ரிச்சர்ட் ஃபைன்மனின் தாள்கள் கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) காப்பகத்திலும், ஜார்ஜ் காமோவுடையவை அமெரிக்க காங்கிரஸ் நூலகத்திலும் உள்ளன. அவற்றின் பட்டியல்களைப் படித்தால் எவ்வளவு விவரம் போதும் என்பது பிடிபடும்.

வந்த கடிதத்தின் தாள் பெற்றவருடையது, பதிப்புரிமை எழுதியவருடையது. கேள்வி கேட்டு எழுதிய சிறுவர்களின் பெயர், முகவரி உள்ள கடிதங்களைத் தனியாகக் குறித்து, இணையத்தில் ஏற்றாமல் வையுங்கள்.