பள்ளியில் மாதிரி ஐ.நா. மன்றம்: முதல் தலைப்புக்கு நம்ம கடலே போதும்

ஐ.நா.வில் இருக்கும் 193 நாடுகளில் சிலவற்றின் பிரதிநிதிகளாக மாணவர்கள் அமர்ந்து, ஒரு பிரச்சினையை விவாதித்து, தீர்மானம் எழுதி வாக்கெடுப்பு நடத்துவதுதான் மாதிரி ஐ.நா. எம்யூஎன் என்றும் சொல்வார்கள். கோட்டு, டை, ஆங்கிலம் எல்லாம் வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். பிளஸ் ஒன்னில் பதினான்கு பேரும் ஒரு வகுப்பறையும் இருந்தால் குமரி மாவட்டத்தில் எந்தப் பள்ளியிலும் தமிழிலேயே தொடங்கலாம்.

1. தலைப்பு

அணு ஆயுதம் என்று வைத்தால் பிள்ளைகள் இணையத்தில் கிடைத்ததை அப்படியே வாசிப்பார்கள். தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் ஆழ்கடலில், இந்தியப் பெருங்கடலின் நடுவே பிரிட்டன் வசம் இருக்கும் டீகோ கார்சியா தீவு வரை போகின்றன. அங்கே பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் பிடிபட்டவர்களும் உண்டு. ஆகவே 'இந்தியப் பெருங்கடலில் எல்லை தாண்டும் மீன்பிடிப்பு' என்று வையுங்கள்.

படிக்க வேண்டியது 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. கரையோரக் கடல் 12 கடல் மைல் வரை, மீன் மீதான உரிமை கரையோர நாட்டுக்கே உள்ள தனிப் பொருளாதார மண்டலம் 200 கடல் மைல் வரை. அப்புறம் 73-ஆவது பிரிவு: அந்த மண்டலத்தில் பிடித்த படகையும் ஆட்களையும், நியாயமான பிணைத்தொகை கட்டினால் விரைவில் விட வேண்டும்; நாடுகளுக்குள் உடன்பாடு இல்லாவிட்டால் மீன்பிடித்த குற்றத்துக்குச் சிறைத்தண்டனை கூடாது. விவாதத்தில் பாதி இதைச் சுற்றித்தான் நடக்கும்.

2. நாடுகள்

இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ், பிரிட்டன், ஸ்பெயின். நாட்டுக்கு இருவர், மீதி இருவர் அவைத்தலைவர்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தியாவைக் கொடுக்காதீர்கள், பிரிட்டனைக் கொடுங்கள். தன் ஊர்ப் படகைத் தானே பிடிக்க நியாயம் தேடும்போதுதான் இந்த மன்றம் வேலை செய்யத் தொடங்கும். டீகோ கார்சியா இருக்கும், மொரீஷியஸ் தனதென்று கோரும் சாகோஸ் தீவுகளை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று 2019-இல் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தவை 6 மட்டுமே. மொரீஷியஸ்காரர் இதை எடுத்துப் போடுவார், பிரிட்டன் தயாராக இருக்கட்டும்.

3. நிலைப்பாட்டு அறிக்கை

ஒரு பக்கம் போதும். இதில் நம் நாட்டுக்கு என்ன சிக்கல், இதுவரை என்ன செய்தோம், இப்போது என்ன கேட்கிறோம். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

4. கூட்டம்

வருகைப் பதிவு, ஒரு நிமிடத் தொடக்க உரை. பிறகு யாராவது முன்மொழிவார்கள்: ஐந்து நிமிட விவாதம், ஆளுக்கு முப்பது வினாடி. பெரும்பான்மை ஒத்துக்கொண்டால் நடத்தலாம். 'நான் நினைக்கிறேன்' கூடாது. 'இலங்கை கருதுகிறது' என்றுதான் பேச வேண்டும். அடுத்து எழுந்து நடமாடிப் பேசும் இடைவேளை. சந்தை மாதிரி சத்தம் வரும், வரட்டும். கூட்டணி சேர்வது அங்கேதான்.

5. தீர்மானம்

'மீனவர்களைப் பாதுகாக்க வேண்டும்' என்று எழுதினால் எல்லாரும் கை தூக்குவார்கள், பயன் இல்லை. 'படகைப் பிடித்த 24 மணி நேரத்துக்குள் அதன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் பேரம் தொடங்கும். நாம் நடத்துவது பொதுச்சபை மாதிரி; அதன் தீர்மானம் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைதான், ஆகவே 'ஆணையிடுகிறது' வேண்டாம், 'கேட்டுக்கொள்கிறது' போதும்.

வாக்கெடுப்பில் நாட்டுக்கு ஒரு வாக்கு, நடுநிலையும் வகிக்கலாம். மூன்றுக்கு மூன்று என்றால் தீர்மானம் தோற்றது. வீட்டோ, அதாவது ஒரே நாடு தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், உள்ள பாதுகாப்புச் சபையை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வையுங்கள்.