செம்பருத்தி இலை மஞ்சளானால் உரப்பையைத் தேடாதீர்கள்

போன சித்திரையில் பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு மதினி ஒரு செம்பருத்தித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இலையெல்லாம் மஞ்சளாயிட்டு. ஒரு கை டிஏபி உரம் போட்டேன், தெளியல. இன்னொரு கை போடவா?"

முதல் கையே தப்பு. அடி இலைகள் நல்ல பச்சையாக இருந்தன. வெளுத்திருந்தது கொழுந்துதான், அதுவும் நரம்பில் மட்டும் பச்சைக் கோடு தெரிய. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் முதலில் அடி இலைதான் மஞ்சளாகும். கொழுந்து இப்படி வெளுத்தால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். கரிசல் மண்ணிலும் போர் தண்ணீரிலும் சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. டிஏபி பையில் 18-46-0 என்று போட்டிருப்பதில் அந்த 46 மணிச்சத்து (பாஸ்பரஸ்). அது மிஞ்சினால் இருக்கிற இரும்பையும் கட்டிப்போட்டுவிடும்.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தோம். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அப்புறம் வந்த கொழுந்து பச்சையாக வந்தது. (தொட்டியைத் தள்ளி வைத்துத் தெளியுங்கள், சிமெண்டு தரையில் பட்டால் துருக்கறை லேசில் போகாது.) செம்பருத்திக்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) பிடிக்கும் என்று அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிறவர்களும் உண்டு. அதில் காரம் அதிகம், மறுபடியும் கொழுந்து வெளுக்கும். மக்கிய ஆட்டுப்புழுக்கை மாதம் இரண்டு கை போதும்.

அடி இலை மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்து, மண்ணும் சொதசொத என்று இருந்தால் அது தண்ணீர் மிஞ்சிய மஞ்சள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இது நிச்சயம். தட்டை எடுத்துவிடுங்கள். இலை ஓரம் மட்டும் கருகினால் உப்புத் தண்ணீரைச் சந்தேகப்படலாம். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதால் உப்பு தொட்டியிலேயே தங்கிப்போகும். அவ்வப்போது அடி ஓட்டை வழியாக ஓடும்வரை ஊற்றினால் அலசிக்கொண்டு போய்விடும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணலில் கதை வேறு, அங்கே தண்ணீர் நிற்கவே நிற்காது.

ஆனி, ஆடியில் மொட்டு மொட்டாக உதிர்கிறது என்று பூச்சிமருந்து வாங்க ஓடுவார்கள். பணகுடிப் பக்கம் காற்றாலையைச் சுற்றவைக்கும் அதே காற்றுதான் மாடித் தொட்டியையும் காயவைக்கிறது. காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்தால் செடி மொட்டைத்தான் முதலில் கைவிடும். தொட்டியைக் கைப்பிடிச்சுவர் மறைவுக்கு நகர்த்திவிட்டுச் சாயங்காலமும் ஊற்றுங்கள். ஆனால் நாளுக்கு ஆறு மணி நேர வெயில் குறையக் கூடாது.

வெட்டப் பயப்படுவதும் தவறுதான். பூ புதுத் தளிரில்தான் வரும். மழை ஓய்ந்து தை, மாசியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம். சித்திரை வெயிலில் கத்தரியைத் தொட வேண்டாம்.

மாவுப்பூச்சிதான் பெரிய தலைவலி. 2008 வாக்கில் தமிழ்நாட்டுக்குள் வந்த பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த சின்னஞ்சிறு குளவியை விட்ட பிறகுதான் அடங்கியது. கடுமையான மருந்தை அடித்தால் இப்படி உதவும் குளவியும் சாகும், பூச்சி திரும்ப வரும். முதலில் எறும்பு ஏறும் வழியை அடைத்துவிடுங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் தேன் போன்ற நீருக்காக அதற்குக் காவல் நிற்பது எறும்புதான். பிறகு தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மிஞ்சியதற்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல்.

அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழுவும் வெள்ளை நூல் போர்த்தி, பார்வைக்கு மாவுப்பூச்சி போலவே இருக்கும். அளவில் பெரியது, குச்சியால் தொட்டால் விறுவிறு என்று நடக்கும். மாவுப்பூச்சிக்கு அந்த வேகம் கிடையாது. மதினி அந்தப் புழுக்களை மாவுப்பூச்சி என்று நினைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் தற்செயலாகப் போனேன். பாதியைத் தேய்த்து முடித்திருந்தார். மிச்சம் நாலைந்து புழு ஒரு கொப்பில் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்தக் கொப்பை மட்டும் மாவுப்பூச்சியோடு அப்படியே விட்டுவைத்தோம்.