பிரஷர்காரர்களே, ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒரு நடை

பிரஷர் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை; சர்க்கரையும் மெல்ல ஏறும். நடக்கும்போது கால் தசைகள் இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். அதனால் ஞாயிறு மட்டும் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் மூச்சிரைக்க ஓடுவதைவிட, தினமும் ராத்திரி சாப்பிட்டதும் தெருவில் 15 நிமிடம் நடப்பது மேல். (தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு என்றால் கூடக் கொஞ்சம்!) எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், பிரஷர் எகிறும்.

முக்கியமாக, அட்டினலால், மெட்டோபுரோலால் போன்ற பிரஷர் மாத்திரையோடு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, சர்க்கரை இறங்கினாலும் படபடப்பு தெரியாமல் போகலாம். ஆனால் வியர்வை வரும்; திடீரென்று வியர்த்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடனே உட்கார்ந்துவிடுங்கள். அப்போது வாயில் போட்டுக்கொள்ள, சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.