பிளாட் வீட்ல எலெக்ட்ரிக் கிட்டார்: எதுல சொருகி எப்படி கேக்கறது

எங்க வீடு மலேசியால கோலாலம்பூர், அதான் கேஎல், செந்தூல் பக்கம் ஒரு பிளாட், சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆண்டியோட மக நர்ஸு, நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்கும், நான் வேலை முடிஞ்சு கிட்டார எடுக்கறதே ராத்திரி ஒம்போதரைக்கு மேலதான், அப்ப பாருங்க ஆம்ப், அதான் கிட்டார் சத்தத்த பெருசாக்கற ஸ்பீக்கர் பெட்டி, போட எந்த நேரமும் தோது படாது. ஆறு வருஷமா இதே வீட்லதான் வாசிக்கறேன், கிட்டத்தட்ட எல்லா வழியும் போட்டு பாத்தாச்சு. பக்கத்து வீட்டுக்கு சத்தம் போகாம இருந்தா மட்டும் பத்தாதுங்க, உங்க விரல் செய்யற தப்பு உங்க காதுக்கு தெளிவா வந்து சேரணும். வரலன்னா ஒரு மணி நேரம் உக்காந்து அந்த தப்பையேதான் பழகிட்டு எந்திரிப்பீங்க.

மொதல்ல எதுலயும் சொருகாம சும்மா வாசிக்கறது. ஸ்கேல் ஓட்ட, கார்டு மாத்தி பழக இது போதும், காசும் செலவில்ல. ஆனா ரெண்டு கெட்ட பழக்கம் ஒட்டிக்கும். சத்தம் பத்தலயேன்னு கை தன்னால பிக்க (கம்பிய தட்டற சின்ன வில்லைய) அழுத்தி அடிக்க ஆரம்பிச்சிரும், அப்பறம் ஆம்ப்ல போட்டா ஒவ்வொரு நோட்டும் டங்கு டங்குன்னு விழும். இன்னொன்னு, வாசிக்காத கம்பிய உள்ளங்கையால அமுக்கி வைக்கணும்ல, அந்த மியூட்டிங் சரியா இல்லன்னா சும்மா வாசிக்கறப்ப தெரியவே தெரியாது, சத்தத்த கரகரன்னு ஆக்கற டிஸ்டார்ஷன் போட்ட உடனே எல்லா கம்பியும் சேந்து ஊளையிடும். அதனால சும்மா வாசிக்கறத கால் மணி நேரத்துக்கு மேல நான் வச்சுக்கறதில்ல. சும்மாவே வாசிச்சாகணும்னா கிட்டார் தலைப்பக்கத்த மர அலமாரி கதவுல மெதுவா ஒட்ட வச்சு ஒரு கார்டு அடிங்க, கதவு முழுக்க அதிர்ந்து அக்கௌஸ்டிக் மாதிரி கேக்கும். இல்லன்னா கிட்டாரோட மேல்கொம்புல தாடைய வச்சுக்கிட்டு தடிச்ச இ கம்பிய ஒரு தடவ மட்டும் தட்டிட்டு அது அடங்கற வரைக்கும் அப்படியே இருங்க, எலும்பு வழியா நேரா காதுக்குள்ள வரும், கம்பி எவ்ளோ நேரம் பாடுதுன்னு அப்பதான் தெரியும்.

அடுத்தது நெறைய பேரு செய்யற தப்பு, கிட்டார நேரா லேப்டாப் மைக் ஓட்டைல சொருகறது. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், போர்வைக்குள்ள இருந்து வாசிக்கற மாதிரி மங்கலா வந்துச்சு, கிட்டார்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு கம்பியெல்லாம் மாத்துனேன். காரணம் வேற. கம்பிக்கு கீழ அதோட அதிர்வ சிக்னலா மாத்தற பிக்கப்ல மெல்லிசான செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து சுத்தியிருக்கும், அதோட சிக்னல் ரொம்ப பலவீனம், அத வாங்கற பக்கம் ஒரு மெகாஓம் மாதிரி பெரிய தடை இருந்தாதான் மேல்சத்தம், அதாவது கூர்மையான சத்தம், சாகாம வரும், மைக் ஓட்டைல அது சில ஆயிரம் ஓம்தான். கிட்டார லேப்டாப்போட சேக்கற பெட்டி, ஆடியோ இன்டர்ஃபேஸ், அதுல 'இன்ஸ்ட்'னோ 'ஹை இசட்'னோ ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, அது இதுக்குத்தான். அமுக்காம விட்டா அங்கயும் அதே மங்கல்தான்.

ரொம்ப லேசான வழின்னா கிட்டார் ஜாக்லயே சொருகற குட்டி ஹெட்போன் ஆம்ப். வாக்ஸ் ஆம்பிளக் மாதிரி, ரெண்டு டிரிபிள் ஏ பேட்டரி போட்டா ஓடும், போன்லேர்ந்து பாட்டு விட ஒரு ஓட்டையும் இருக்கும். 2021ல வந்த ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ மாதிரி சார்ஜ் போடறதும் இருக்கு, அதுல பன்னெண்டு ஆம்ப் சத்தம் உள்ளயே இருக்கு. இந்த யோசனை புதுசு இல்லங்க, பாஸ்டன் பேண்ட்ல கிட்டார் வாசிச்ச டாம் ஷோல்ஸ் எஞ்சினியர், அவரு 1982லயே ராக்மேன்னு இடுப்புல மாட்டிக்கற ஹெட்போன் ஆம்ப் செஞ்சு வித்தாரு. வாங்கறப்ப ஒன்னு மட்டும் கவனிங்க, உங்க கிட்டார் ஜாக் ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டார்ல மாதிரி குழிக்குள்ள இருந்தா சில பிளக் முழுசா உள்ள போகாது, முடிஞ்சா கிட்டார எடுத்துக்கிட்டு கடைக்கு போய் சொருகி பாத்துட்டு காசு குடுங்க.

ஹெட்போன்ல டிஸ்டார்ஷன் போட்டா கொசு பேட்ல கொசு பொரியற மாதிரி சர்ர்ருனு கேக்குதுன்னு நெறைய பேரு சொல்வாங்க, ஹெட்போன் மட்டம்னு நெனச்சு வேற வாங்கிருவாங்க. வாங்காதீங்க. கிட்டார் ஆம்ப்ல இருக்கற பன்னெண்டு இன்ச் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் வெளிய விடாது, அந்த கூர்மையான சத்தத்தயெல்லாம் ஸ்பீக்கரே வெட்டிரும், நாம காலங்காலமா கேட்டு பழகுன கிட்டார் சத்தம் அப்படி வெட்டுனதுதான். ஹெட்போன் எதையும் வெட்டாது, கால்ல அமுக்கற டிஸ்டார்ஷன் பெடல் விடற எல்லாத்தயும் காதுல கொட்டும். அதனால நடுவுல ஸ்பீக்கர் மாதிரி நடிக்கற ஒன்னு வேணும், கேப் சிம்முனு சொல்வாங்க, ஐஆர்னும் சொல்வாங்க. பெடல்ல இருந்து நேரா ஹெட்போன் போடறவங்களுக்கு இது இருக்காது, சத்தமும் பத்தாது. பல பெடல் ஒன்னா சேந்த மல்டி எஃபெக்ட் பெட்டி வச்சிருந்தா அதுக்குள்ள கேப் ஆன்ல இருக்கான்னு பாருங்க, ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணுங்க, பாதி பேரோட பிரச்சன அங்கயே முடிஞ்சிரும்.

ஒரு காதுல மட்டும் கேட்டா அடாப்டரதான் சந்தேகப்படணும். ஹெட்போன் ஸ்டீரியோ, சில பெடலோட ஓட்டை மோனோ, ரெண்டயும் சேத்தா ஒரு பக்கம்தான் வரும். மோனோவ ஸ்டீரியோவா மாத்தற குட்டி அடாப்டர் கேஎல்ல எலெக்ட்ரானிக்ஸ் விக்கற லோ யாட் பிளாசால தேடுங்க, கேக்கறப்ப மோனோ டு ஸ்டீரியோன்னு தெளிவா சொல்லுங்க.

லேப்டாப் இருந்தா இன்டர்ஃபேஸ் வாங்கறதுதான் காசுக்கு ரொம்ப நாள் ஒழைக்கும். லேப்டாப்லயே ஆம்ப் சத்தம் குடுக்கற சாஃப்ட்வேர், நியூரல் ஆம்ப் மாடலர்னு ஒன்னு இலவசமாவே இருக்கு, ஐபோன்ல கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ்ல மட்டும் இன்டர்ஃபேஸோட சொந்த ஏசியோ டிரைவர (தாமதத்த குறைக்கற டிரைவர்) கண்டிப்பா போடணும், பஃபர, அதாவது ஒரு தடவைக்கு எவ்ளோ சத்தத்த சேத்து அனுப்பணும்ங்கற அளவ, 128ல வைங்க, 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 2.7 மில்லிசெகண்ட்தான், உள்ள போய் வெளிய வர்றது எல்லாம் சேத்து பத்துக்குள்ள இருந்தா கை உணராது. காத்துல சத்தம் பத்து மில்லிசெகண்ட்ல மூணரை மீட்டர் போகும், அதாவது ஆம்ப்ல இருந்து மூணரை மீட்டர் தள்ளி நின்னு வாசிக்கறதும் இதுவும் ஒன்னுதான்.

புளூடூத் ஹெட்போன்ல கிட்டார் கேக்கலாம்னு மட்டும் யாரு சொன்னாலும் நம்பாதீங்க. என் தங்கச்சியோடத வாங்கி போட்டு பாத்தேன், பிக் கம்பிய விட்டு போனதுக்கு அப்பறம்தான் சத்தம் வருது, நாலு பார் வாசிக்கறதுக்குள்ள கை தடுமாறிருச்சு. சாதாரண புளூடூத்ல 200 மில்லிசெகண்ட் தாமதம் சகஜம், நிமிஷத்துக்கு 120 தட்டுங்கற டெம்போல ஒரு பதினாறாம் நோட்டுக்கே 125தான், அப்ப ஒரு நோட்டுக்கும் மேல பின்னாடி கேக்குது. போன்லேர்ந்து பாட்டு விட புளூடூத் பரவால்ல, பாட்டு ஓடறதுக்கு ஏத்த மாதிரி நீங்க வாசிச்சிருவீங்க, ஆனா உங்க கை சத்தம் உங்க காதுக்கு வயர்லதான் வரணும்.

எப்பவும் ஹெட்போன்லயே வாசிக்கவும் கூடாதுங்க. காத்துல கேக்கறப்பதான் கம்பிய எவ்ளோ மெதுவா தொடலாம்னு தெரியும், வாரத்துல ரெண்டு நாளாச்சும் சின்ன ஆம்ப் போடுங்க. ஒரு நாள் அந்த ஆண்டி கதவு தட்டுனாங்க, நான் பயந்துட்டே தொறந்தேன், "தம்பி, பாட்டு கேக்கறது எனக்கு பிரச்சன இல்லப்பா, தரைதான் டும்மு டும்முனு அதிருது, என் மகளால தூங்க முடியல"ன்னாங்க. அப்பதான் புரிஞ்சுச்சு, ஆம்ப் தரைல, அதுவும் மூலைல இருந்துச்சு. மூலைல வச்சா பேஸ் கூடும், தரை வழியா கட்டடத்துல ஏறும், மேல்சத்தம் நேரா முட்டிக்கு போயிரும், காதுக்கு வராது, வரலன்னு வால்யூம இன்னும் ஏத்துவோம். இப்ப ஆம்ப நாற்காலில வச்சு கீழ தடிமனா ஃபோம் போட்டு கொஞ்சம் பின்னாடி சாச்சிருக்கேன், நேரா என் காத பாக்குது, ஒரு மீட்டர் தள்ளி உக்காருவேன், வால்யூம் பேசற அளவு, பேஸ் பாதிக்கு கீழ. அடுத்த வாரம் நானே போய் ஆண்டிகிட்ட கேட்டேன், ஒன்னும் தெரியலப்பான்னாங்க.

வாட்ஸ் பாத்து ஏமாறாதீங்க. பன்னெண்டு இன்ச் கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட்ஸ் குடுத்தாலே ஒரு மீட்டர்ல 97 டெசிபெல் கிட்ட வரும், 50 வாட்ஸுக்கும் 5 வாட்ஸுக்கும் காதுல வித்தியாசம் ரெண்டு மடங்குதான், அதனால 5 வாட்ஸ் டியூப் ஆம்ப் வீட்டுக்கு சரியா இருக்கும்னு வாங்கறவங்க சில பேரு மறுபடி விக்கறாங்க. பாஸ் கட்டானா 50ங்கற ஆம்ப்ல அரை வாட்ஸுக்கு எறக்கற சுவிட்ச் இருக்கு, அந்த மாதிரி பாருங்க. டியூப் ஆம்ப் வச்சிருந்தா சத்தம் வேணாம்னு ஸ்பீக்கர் வயர கழட்டிட்டு போடவே போடாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சிரும், என் கூட்டாளி ஒருத்தன் ஆம்ப் அப்படித்தான் போச்சு, ஆள் ரெண்டு மாசம் கிட்டாரயே தொடல.

கொர்ர்ருனு சத்தம் வந்தா மொதல்ல சீலிங் காத்தாடிய அணைச்சு பாருங்க, சில ரெகுலேட்டர் கிட்டார்ல நல்லா கேக்கும், பிக்கப் சிங்கிள் காயில் (ஒத்தச் சுருள்) வகைனா சொல்லவே வேணாம். அப்பறம் லேப்டாப் சார்ஜர கழட்டுங்க. அப்பவும் இருந்தா உக்காந்த எடத்துலயே மெதுவா ஒரு சுத்து திரும்புங்க, ஏதோ ஒரு பக்கம் பாத்தா சத்தம் குறையும், அந்தப் பக்கம் நாற்காலிய போட்டுக்குங்க.

காது விஷயம். 85 டெசிபெல்ல எட்டு மணி நேரம்னா 88ல நாலு மணி நேரம்தான், மூணு மூணா ஏற ஏற நேரம் பாதி பாதியா குறையும். ஹெட்போன போட்டுக்கிட்டு வால்யூம சுழியத்துல இருந்து ஏத்துங்க, பிக் கம்பில படற சத்தம் வெளிய கேக்காம மறைஞ்ச உடனே நிறுத்திருங்க. நம்ம ஊரு வேர்வைக்கு தோல் மாதிரி இருக்கற இயர்பேட் சீக்கிரம் உரியும், துணி பேட் மாட்ட முடியுற ஹெட்போனா வாங்குங்க.

கேஎல்ல சாயங்கால மழைனா பெரும்பாலும் இடியோடதான் வரும். வானம் கறுத்தா ஆம்ப், இன்டர்ஃபேஸ், லேப்டாப் சார்ஜர் எல்லா பிளக்கயும் சுவத்துலேர்ந்து புடுங்கிருங்க, சுவிட்ச அணைச்சா மட்டும் போதாது. பேட்டரில ஓடற குட்டி ஆம்ப எடுத்து கிட்டார்ல சொருகிட்டு மழை விடற வரைக்கும் அதுல வாசிங்க.