ஃப்ளூரைடு பற்பசையின் முழுப் பலனையும் பெறுவது எப்படி?

பல் தேய்த்து முடித்ததும் வாய் நிறையத் தண்ணீர் எடுத்து நான்கைந்து முறை கொப்பளிப்பது பலருக்கும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பற்பசையில் இருந்த ஃப்ளூரைடில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. அதைப் பல்லிலேயே தங்க வைப்பதற்குத்தான் இந்தச் செய்முறை.

முதலில் அது வேலை செய்யும் விதம். பல்லின் மேல்பூச்சான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். நாம் சாப்பிடும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அப்புறம் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்க, கரைந்த தாதுக்கள் மெல்லத் திரும்பிப் படியும். அந்த நேரத்தில் பல்லின் மேல் ஃப்ளூரைடு இருந்தால் இந்தப் படிவு வேகமாக நடக்கும். புதிதாகப் படிந்த பகுதி, பிஎச் ஏறக்குறைய 4.5 வரை தாக்குப்பிடிக்கும். கரைவதும் படிவதும் தினமும் பல முறை நடப்பதால், கொஞ்சம் ஃப்ளூரைடாவது எப்போதும் வாயில் இருப்பதுதான் முக்கியம்.

படி 1: பற்பசையின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம், பின்பக்கம்தான் கணக்கு. சோடியம் ஃப்ளூரைடு, சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட், ஸ்டேனஸ் ஃப்ளூரைடு ஆகிய மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே பிபிஎம் அளவு, அதாவது பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு ஃப்ளூரைடு என்பது, இருக்கும். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 வரை இருக்க வேண்டும்.

பொருட்களின் பட்டியலில் இன்னொன்றையும் கவனிக்கலாம். தேய்ப்புத்தூளாகக் கால்சியம் கார்பனேட் இருக்கும் பசையில் பெரும்பாலும் மோனோஃப்ளூரோபாஸ்பேட்தான் இருக்கும். சோடியம் ஃப்ளூரைடைச் சேர்த்தால் அது கால்சியத்தோடு பிணைந்து, கரையாத கால்சியம் ஃப்ளூரைடாகிக் குழாய்க்குள்ளேயே வீணாகிவிடும். அதனால் சோடியம் ஃப்ளூரைடைச் சிலிக்கா என்ற வேறொரு தேய்ப்புத்தூளோடு சேர்க்கிறார்கள். ஸ்டேனஸ் ஃப்ளூரைடில் உள்ள வெள்ளீயம் பாக்டீரியாக்களையும் கட்டுப்படுத்தும், பல் கூச்சத்தையும் குறைக்கும். சிலருக்கு லேசாகக் கறை படியலாம். ஈறில் அடிக்கடி ரத்தம் கசிபவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

படி 2: அளவு

பிரஷ் முழுக்கப் பசை வைப்பது விளம்பரத்துக்கு அழகு, அவ்வளவுதான். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். குழந்தைகள் பசையை விழுங்கிவிடுவார்கள். ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகும் எட்டு வயது வரை அதிக ஃப்ளூரைடு தொடர்ந்து உள்ளே போனால், முளைக்கும் பற்களில் வெண்திட்டுகள் வரும், கடுமையானால் பழுப்புக் கறையாகும். இதுதான் ஃப்ளூரோசிஸ். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். உங்கள் நிலத்தடி நீரில் இதற்கு மேல் இருந்தால், குழந்தைக்கு எந்தப் பசை என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பசைக் குழாயைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

படி 3: தேய்த்துவிட்டுத் துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள்

காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை, இரண்டிரண்டு நிமிடம். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால் இரவு தேய்ப்பதைத் தவறவிடவே கூடாது. முடித்ததும் நுரையை நன்றாகத் துப்பிவிடுங்கள், தண்ணீர் வேண்டாம். முதல் சில நாட்கள் வாயில் பசையின் ருசி நிற்பது சங்கடமாகத்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.

படி 4: மவுத்வாஷ் வேண்டுமென்றால்

பல் தேய்த்த கையோடு வேண்டாம். தினசரிப் பயன்பாட்டுக்கான 0.05 சதவீத சோடியம் ஃப்ளூரைடு மவுத்வாஷில் சுமார் 225 பிபிஎம்தான் இருக்கிறது. பசை விட்டுச்சென்ற ஆயிரத்துச் சொச்சத்தைக் கழுவிவிட்டு அதைவிடக் குறைந்ததை வைப்பதில் என்ன லாபம்? மதியச் சாப்பாட்டுக்குப் பின் பயன்படுத்தலாம். ஆறு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது.

படி 5: மருத்துவரிடம் எப்போது?

வெளிச்சத்தில் நின்று, பல்லைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு ஈறின் ஓரத்தைக் கண்ணாடியில் பாருங்கள். சுண்ணாம்பு நிறத்தில் மங்கலான திட்டு இருந்தால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். பள்ளம் விழாத வரை அதைத் திருப்ப வழி உண்டு. மருத்துவர் 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷை, அதாவது பல்லில் ஒட்டிக்கொள்ளும் பூச்சை, தடவுவார். அதில் சுமார் 22,600 பிபிஎம் இருப்பதால் அதை வீட்டில் செய்ய முடியாது. தடவிய பிறகு சில மணி நேரம் சூடானதும் கடினமானதும் வேண்டாம் என்பார்கள். பள்ளமே விழுந்துவிட்டால் எந்தப் பசையும் அதை நிரப்பாது, காத்திருக்காமல் அடைத்துவிடுங்கள்.