தாத்தாவின் இத்தாலியத் துப்பாக்கி: முத்திரை பார்க்கும்போது செய்யக்கூடாதவை

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் பெரியவர் விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கி கைக்கு வந்தால், முதலில் உப்புத்தாளை எடுக்காதீர்கள். துருவைத் தேய்க்கத் தேய்க்க, ஊரையும் வருடத்தையும் சொல்லும் குத்து முத்திரைகளும் சேர்ந்தே போய்விடும். பெயர், எண் போன்ற அடையாளங்களை அழிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமும்கூட. எண்ணெய் தொட்ட துணியே போதும்.

உரிமம் அவர் பெயரில் இருந்ததால் உங்களுக்குச் செல்லாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ உடனே ஒப்படைத்துவிட்டு, வாரிசாக விண்ணப்பியுங்கள். கடையில் குண்டு இல்லையென்று உறுதிசெய்து குழலைக் கழற்றித் தரும்போது, முத்திரைகளை நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, குழலின் மேலே தெரியும் எழுத்தையே கம்பெனிப் பெயராக எடுத்துக்கொள்வது. 'அச்சாயோ' (Acciaio) என்றால் எஃகு. 'கார்டோனே' (Gardone) என்பது இத்தாலியில் பிரெஷா மாவட்டத்து ஊர். பெரெட்டா அந்த ஊர்க்காரர்கள்தான், 1526இலிருந்து ஆவணம் உள்ள நிறுவனம். பெர்னார்டெல்லி என்ற நிறுவனமும் அங்கே இருந்ததுதான். சின்னப் பட்டறைகளும் ஏராளம். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பெரெட்டா என்று விலை பேச வேண்டாம்.

உண்மையான சாட்சி குழலின் அடிப்பக்கத்தில், குழல் பொருந்தும் பூட்டுப் பகுதிக்குள் மறைந்திருக்கிறது. கேடயத்துக்குள் குறுக்காக இரண்டு துப்பாக்கி இருந்தால் அது துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தும் கார்டோனே சோதனைச் சாலையின் முத்திரை. பக்கத்தில் 'பி.எஸ்.எஃப்' (PSF) இருந்தால், புகையில்லா வெடிமருந்து வைத்துச் சுட்டுச் சோதித்திருக்கிறார்கள். வருடத்துக்குத் தொடர் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சிறு கட்டத்துக்குள் இருக்கும் குறியீட்டைத் தேடுங்கள். ரோமன் எண்ணில் 20 என்றால் 1964, 30 என்றால் 1974. அதற்கடுத்து எழுத்துகள் வருகின்றன: 'ஏஏ' (AA) 1975, 'ஏபி' (AB) 1976. தாத்தா வாங்கிய வருடமும் இதுவும் பொருந்தாமல் போகலாம். முத்திரை சொல்வது சோதித்த வருடத்தை மட்டும்தான்.

நட்சத்திரங்களைத் தர மதிப்பெண்ணாக எண்ணுகிறவர்கள் உண்டு. அவை குழல் வாய் எவ்வளவு ஒடுக்கம் என்பதற்கான குறி. ஒற்றை நட்சத்திரம்தான் மிக ஒடுக்கமானது, கூடக்கூட வாய் அகலும்.

மிக ஆபத்தான அலட்சியம், தோட்டா உட்காரும் அறையின் நீளத்தில். குழலின் அகலத்தைக் குறிக்கும் 12 என்ற எண்ணோடு 65 இருந்தால் அறை 65 மில்லிமீட்டர். இப்போது கடையில் பரவலாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் சிக்கலின்றி நுழைந்துவிடும். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். எந்த நீளத் தோட்டா என்பதைக் குழலைப் பார்த்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேட்டே முடிவுசெய்யுங்கள்.